"சித்தி, அந்த போட்டோவ எடுத்துடு!" - குடும்பப் படங்களை ஷேர் பண்ணும்போது சட்டம் யார் பக்கம்?

போன வருஷம் மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததுமே அக்கா மகளுக்குக் குமட்டல். ஒன்பது வயது. இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து, ஒருவழியாகப் பின் சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். வாந்தி எடுக்கக் கொடுத்த கவர் கையில் அப்படியே இருந்தது. பார்க்க அவ்வளவு க்யூட். ஒரு கிளிக், இரண்டு சிரிப்பு எமோஜி, கூடவே லொகேஷன் டேக். இன்ஸ்டா ஸ்டோரி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இரண்டிலும் போட்டாச்சு.

ஜூனில் பள்ளி திறந்தது. அவளுடன் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மாவிடம் என் நம்பர் உண்டு. அந்த அம்மாவின் போனில் அந்தப் பெண் என் ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கிறாள். ஸ்கூல் வேனில் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு புதுப் பெயர் ரெடியாக இருந்தது: 'வாமிட் பேபி'. வேனில் ஏற மாட்டேன் என்று ஒரு வாரம் அடம். அக்கா எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது தனியாக வந்து சொன்னாள்: "சித்தி, அந்த போட்டோவ எடுத்துடு."

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகவே போய்விடும். அது போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. எடுப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. அதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இது பெரிய க்ரைம் கதை இல்லை. யாரும் பணத்தை இழக்கவில்லை, யாரும் போலீசுக்குப் போகவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தப் படத்தைப் போட எனக்கு யார் பர்மிஷன் கொடுத்தது? அக்காவிடம் கேட்கவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. சட்டப்படி கேட்டிருக்க வேண்டுமா? மறுபடி ஒரு கோடை விடுமுறை. ஊட்டி, குற்றாலம், மூணாறு என்று எல்லோர் கேலரியும் நிரம்பப் போகிறது. அதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம்.

முதலில், 'ஷேரன்டிங்' என்றால் என்ன?

'ஷேர்', 'பேரன்டிங்' இரண்டையும் ஒட்டவைத்த வார்த்தை. பிள்ளைகளின் படங்கள், வீடியோக்கள், அன்றாடச் செய்திகளைப் பெற்றோரே சமூக வலைதளங்களில் தொடர்ந்து பகிர்வதுதான் ஷேரன்டிங். பெயரில்தான் பெற்றோர். நடைமுறையில் மாமா, அத்தை, சித்தி, தாத்தா என எல்லோரும் இதில் உண்டு.

'போட்டோ எடுப்பதும் காட்டுவதும் புதுசா என்ன?' என்று கேட்கலாம். புதுசு இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு காபி கொடுத்துவிட்டு ஆல்பத்தைப் பிரித்துக் காட்டுவது நம் ஊரில் காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் அந்த ஆல்பத்துக்கும் இன்றைய ஸ்டேட்டஸுக்கும் மூன்று வித்தியாசங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஆல்பத்தை யார் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியும். நாம் பக்கத்திலேயே உட்கார்ந்து கதை சொல்லித்தான் காட்டினோம். இரண்டு, பார்த்தவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. இன்று ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். மூன்று, ஆல்பத்தில் தேட முடியாது. இன்று ஒரு பெயரை வைத்தோ முகத்தை வைத்தோ தேடினால் பல வருஷப் படங்களை ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம்.

ஒரு படத்துக்குள் அப்படி என்ன இருக்கிறது?

நாம் பார்ப்பது முகத்தையும் சிரிப்பையும். ஃபைலுக்குள் அதற்கு மேலும் இருக்கிறது. போன் கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம், போன் மாடல் எல்லாம் அந்த ஃபைலிலேயே பதிவாகும். இதற்கு 'எக்ஸிஃப்' என்று பெயர்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் இந்தத் தகவல் நீக்கப்பட்டுத்தான் போகும். ஆனால் 'குவாலிட்டி குறையக்கூடாது' என்று அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் லொகேஷனும் சேர்ந்தே போகும். டெலிகிராமில் 'ஃபைல்' ஆக அனுப்பினாலும் அப்படித்தான். வீட்டில் எடுத்த பிறந்தநாள் படம் என்றால், போவது உங்கள் வீட்டின் லொகேஷன்.

எக்ஸிஃப் போனாலும் பேக்கிரவுண்ட் போகாது. யூனிஃபார்ம், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, அபார்ட்மென்ட் பெயர்ப் பலகை, வண்டி நம்பர். 'ஃபர்ஸ்ட் டே ஆஃப் ஸ்கூல்' படம் ஒன்றே போதும்: பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு, வீட்டு வாசல் எல்லாம் ஒரே ஃப்ரேமில் வந்துவிடும். ட்ரிப் கிளம்பும் உற்சாகத்தில் போடும் போர்டிங் பாஸ், ரயில் டிக்கெட் படங்களும் இதே ரகம்தான். போர்டிங் பாஸின் பார்கோடில் பயணியின் பெயரும் பிஎன்ஆர் நம்பரும் இருக்கும். அதைப் படிக்க ஒரு ஸ்கேனர் ஆப் போதும்.

இன்னொரு விஷயம், நேரம். 'ஃபேமிலி வெகேஷன், டே 1 ஆஃப் 5' என்று ஸ்டோரி போட்டால், வீடு ஐந்து நாள் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். வெளியூர் போகும்போது பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸார் ஒவ்வொரு விடுமுறைக்கும் சொல்வது வழக்கம். நாமோ ஸ்டேஷனைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்க உரிமை ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வந்ததுதான் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சுருக்கமாக 'டிபிடிபி' சட்டம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் தயாராக வேண்டும் என்பதற்காக, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் தரப்பட்டது.

குழந்தைகள் விஷயத்தில் இந்தச் சட்டம் கறாரானது. 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களுடைய தகவலைக் கையாள, ஒரு நிறுவனம் சரிபார்க்கத்தக்க முறையில் பெற்றோரின் சம்மதத்தைப் பெற வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது.

முதல் இடம்: ஒரு தனிநபர், தன் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது நீங்கள் வீட்டுப் பிள்ளையைப் படம் எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டால் சட்டம் எட்டிப் பார்க்காது. அது நியாயம்தான். குடும்பப் படத்துக்கெல்லாம் யாரும் ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் 'வீட்டு உபயோகம்' எதுவரை? பத்துப் பேர் உள்ள குரூப் வரையா, 800 ஃபாலோயர் வரையா? அதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை.

இரண்டாவது இடம்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஒருவர் தன் தகவலைத் தானே பொதுவெளியில் வெளியிட்டால், அந்தத் தகவலுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. உதாரணமும் சட்டத்திலேயே இருக்கிறது: சமூக வலைதளத்தில் தன் கருத்தை எழுதும்போது ஒருவர் தன்னைப் பற்றிய தகவலைத் தானே வெளியிடுவது. சரி, குழந்தைக்கு இதில் 'தானே' என்றால் யார்? தகவலுக்கு உரியவர் குழந்தையாக இருந்தால், அதன் பெற்றோரும் சட்டப்படியான பாதுகாவலரும் அந்தச் சொல்லில் அடங்குவார்கள் என்கிறது சட்டம்.

இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். அம்மாவோ அப்பாவோ பப்ளிக் அக்கவுன்ட்டில் ஒரு படம் போட்டால், அந்தக் குழந்தையே அதை வெளியிட்டதாக எடுத்துக்கொள்ள இங்கே இடம் இருக்கிறது. அப்படி எடுத்துக்கொண்டால், குழந்தைகளுக்கென்று சட்டம் கட்டிய வேலி அந்தப் படத்துக்கு இல்லாமல் போகலாம். இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இப்படியும் வாசிக்கலாம் என்பதே பிரச்னை.

சிம்பிளா சொன்னால், நிறுவனம் பெற்றோரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெற்றோர் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. சித்தி கேட்க வேண்டும் என்பது பேச்சிலேயே இல்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

ஐரோப்பாவிலும் இந்த 'வீட்டு உபயோக' விலக்கு உண்டு. ஆனால் அதற்கு ஓர் எல்லை போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை தெரியாத அளவுக்கு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டால் அது வீட்டு விஷயம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003-லேயே, ஃபேஸ்புக் பிறப்பதற்கு முன்பே, சொல்லிவிட்டது.

இதை வைத்து 2020-ல் நெதர்லாந்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு பாட்டி தன் பேரப்பிள்ளைகளின் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். மகள் எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. வழக்கு கெல்டர்லாந்து நீதிமன்றத்துக்குப் போனது. படங்கள் வெளியாட்கள் கைக்குப் போயிருக்க வாய்ப்பில்லை என்று சொல்ல முடியாது, அதனால் வீட்டு விஷயம் என்ற விலக்கு கிடைக்காது என்றார் நீதிபதி. பத்து நாளில் எடுக்க வேண்டும், தவறினால் நாளுக்கு 50 யூரோ, அதிகபட்சம் 1,000 யூரோ கட்ட வேண்டும் என்று உத்தரவு. பாட்டிக்கும் மகளுக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோர்ட் வரை போகும் கதைகள் பெரும்பாலும் போட்டோவில் ஆரம்பிப்பதில்லை.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2024 பிப்ரவரியில் வந்த சட்டம், பிள்ளையின் படத்தின் மீதான உரிமையைப் பாதுகாப்பது அப்பா, அம்மா இருவரின் கூட்டுப் பொறுப்பு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றபடி அந்த முடிவில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோருக்குள் ஒத்துவரவில்லை என்றால், மற்றவர் சம்மதம் இல்லாமல் படம் போடக்கூடாது என்று ஒருவரை நீதிபதி தடுக்கலாம். பிரிந்து வாழும் பெற்றோர் உள்ள வீடுகளில் இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளை வைத்து வீடியோ போட்டுச் சம்பாதிக்கும் 'ஃபேமிலி விலாக்' விஷயம் தனி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல், அப்படி வரும் வருமானத்தில் ஒரு பங்கைப் பிள்ளைக்காக ஒதுக்கிவைப்பது கட்டாயம். நம் நாட்டில் குழந்தை நட்சத்திரங்களுக்குக் கிட்டத்தட்ட இதே மாதிரி ஏற்பாடு உண்டு: வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட வேண்டும் என்கின்றன குழந்தைத் தொழிலாளர் விதிகள். சினிமா, சீரியலை மனதில் வைத்து எழுதப்பட்ட அந்த விதி, வீட்டு ஹாலில் ரிங் லைட் வைத்து எடுக்கும் சேனல் வரைக்கும் எட்டுமா என்பதில் தெளிவு இல்லை.

ஏஐ வந்த பிறகு என்ன மாறியது?

2025 மார்ச் நினைவிருக்கிறதா? எல்லோரும் குடும்பப் படத்தை 'ஜிப்லி' ஸ்டைலில் மாற்றிப் போட்டோம். அதே வருஷம் செப்டம்பரில் ஜெமினியில் புடவை ட்ரெண்ட் ஓடியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கல்யாணப் படம், குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் என நாமே தேடித் தேடி அப்லோட் செய்தோம்.

நாம் அப்லோட் செய்யாமலே போகும் படங்களும் இருக்கின்றன. ஏஐ மாடல்களைப் பயிற்றுவிக்கப் பயன்பட்ட 'லேயான்-5பி' என்ற தரவுத் தொகுப்பில் சுமார் 585 கோடி படங்களுக்கான இணைப்புகள் உண்டு. 2024-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அதில் 0.0001 சதவீதத்துக்கும் குறைவான பகுதியை மட்டும் ஆராய்ந்தது. அதிலேயே பிரேசில் குழந்தைகளின் படங்கள் 170, ஆஸ்திரேலியக் குழந்தைகளின் படங்கள் 190 கிடைத்தன. பல படங்கள் குடும்பத்தினரே தங்கள் வலைப்பூக்களில் போட்டவை. சிலவற்றில் பிள்ளையின் பெயரையும் இடத்தையும் எளிதாகக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த இணைப்புகளை நீக்குவதாகத் தொகுப்பை உருவாக்கிய அமைப்பு சொன்னது.

அதே வருஷம் செப்டம்பரில், ஆஸ்திரேலிய செனட் விசாரணையில் மெட்டா அதிகாரியிடம் இதைக் கேட்டார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பெரியவர்கள் பப்ளிக்காகப் போட்ட பதிவுகள் ஏஐ பயிற்சிக்கு எடுக்கப்படுகின்றன என்பதை அவர் ஒப்புக்கொண்டார். சிறுவர்களின் அக்கவுன்ட்களை எடுப்பதில்லை. ஆனால் அப்பா, அம்மாவின் பப்ளிக் அக்கவுன்ட்டில் இருக்கும் குழந்தை படம்? அதுவும் சேரும் என்பதே பதில்.

இதன் மோசமான முனை, மார்ஃபிங். முன்பு ஒரு படத்தை ஆபாசமாக மாற்ற ஓரளவாவது வேலை தெரிய வேண்டும். இன்று ஒரு ஆப் போதும். 2023-ல் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம் ஒன்றில், 'எல்லா' என்ற ஒன்பது வயதுச் சிறுமியை ஏஐ மூலம் பெரியவளாக்கி, அவளே தன் அப்பா அம்மாவிடம் பேசுவதுபோலக் காட்டினார்கள். நீங்கள் போட்ட படங்களால் என் அடையாளத்தையும் குரலையும் திருடலாம் என்பதே அவள் சொல்லும் செய்தி. அதைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வேனில் ஏற மறுத்த இன்னொரு ஒன்பது வயதுதான்.

அப்போ, போட்டோவே போடக்கூடாதா?

அப்படிச் சொல்வது ஈஸி. வாழ்வது கஷ்டம்.

வீட்டுக்கு ஒருவராவது வெளியூரில் இருக்கும் ஊர் நம்முடையது. துபாயில் வேலை பார்க்கும் அப்பா தன் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்ப்பது போனில்தான். சிங்கப்பூரில் இருக்கும் மாமாவுக்குக் காதுகுத்து விழா தெரிவது ஃபேமிலி குரூப்பில்தான். மூட்டு வலியால் எங்கேயும் நகர முடியாத தாத்தாவுக்கு அனுப்பும் ஒரு படம் அவர் நாளையே மாற்றிவிடும். படம் பகிர்வது வெறும் பெருமைக்காக மட்டும் நடப்பதில்லை. தூரத்தில் இருப்பவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும்தான்.

ஆனால் துபாய் அப்பாவுக்கு அனுப்பும் படமும், ஸ்டேட்டஸில் போடும் படமும் ஒன்றல்ல. என் போனில் எத்தனை கான்டாக்ட் இருக்கிறது என்று இந்தக் கட்டுரைக்காக எண்ணிப் பார்த்தேன். 1,100-க்கு மேல். அதில் 'ஏசி மெக்கானிக்', 'புரோக்கர் வேளச்சேரி', 'பழைய பிஜி ஆன்ட்டி', பெயர் பார்த்தும் யாரென்று நினைவுக்கு வராத 40, 50 பேர். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் செட்டிங் 'மை கான்டாக்ட்ஸ்' என்று இருந்தால், இவர்களில் என் நம்பரையும் சேவ் செய்து வைத்திருக்கும் எல்லோருக்கும் என் அக்கா மகளின் படம் தெரியும். நான் குடும்பத்துக்குக் காட்டுவதாகத்தான் நினைத்திருந்தேன்.

என்ன செய்யலாம்? இன்றே மாற்றக்கூடியவை

1. ஸ்டேட்டஸ் லிஸ்ட்: வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் பிரைவசிக்குப் போய் 'ஒன்லி ஷேர் வித்' என்பதைத் தேர்வு செய்து, உண்மையிலேயே குடும்பமும் நெருங்கியவர்களும் மட்டும் உள்ள லிஸ்ட் ஒன்றைப் போடுங்கள். இன்ஸ்டாவில் அதற்கு 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' இருக்கிறது.

2. கேமரா லொகேஷன்: ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்கில் லொகேஷன் டேக்கை ஆஃப் செய்யலாம். ஐபோனில் பிரைவசி செட்டிங்கில் லொகேஷன் சர்வீசஸ் போய் கேமராவுக்கு 'நெவர்' கொடுக்கலாம். கூகுள் போட்டோஸில் ஆல்பம் லிங்க் அனுப்பும் முன், லொகேஷனும் சேர்ந்து பகிரப்படுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

3. வந்த பிறகு போடுங்கள்: ட்ரிப் முடிந்து வீட்டுக்கு வந்து, துணி துவைத்துக் காயப்போட்ட பிறகும் அந்தப் படங்கள் அதே அழகோடுதான் இருக்கும்.

4. நான்கு வகைப் படங்கள் வேண்டாம்: குளிப்பது அல்லது உடை குறைவாக இருப்பது, அழுவது, உடம்பு சரியில்லாமல் இருப்பது, யூனிஃபார்ம் அல்லது ஐடி கார்டு தெரிவது. முதலாவது, தவறானவர்கள் கைக்குப் போகக்கூடாது என்பதற்காக. இரண்டாவதும் மூன்றாவதும், பிள்ளையின் மானத்துக்காக. நான்காவது, பிள்ளை எங்கே இருக்கும் என்று அந்நியருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக.

5. மற்றவர்கள் பிள்ளை: பர்த்டே பார்ட்டி குரூப் போட்டோவில் உங்கள் பிள்ளையோடு இன்னும் எட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களின் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளை படத்தை மற்றவர் போட்டிருந்தால், 'தப்பா நினைக்காதீங்க, அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடுங்க' என்று சொல்வதில் தவறே இல்லை. சொந்தக்காரர்களிடம் சொல்வதுதான் கஷ்டம். அம்மாவின் அண்ணனிடம் அம்மாவே சொல்வது நல்லது.

6. கேளுங்கள்: நான்கைந்து வயதுப் பிள்ளைக்கே 'இதைப் பாட்டிக்கு அனுப்பட்டுமா?' என்ற கேள்வி புரியும். எட்டு, ஒன்பது வயதில் காரணத்தோடு 'வேண்டாம்' சொல்வார்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள். 'என் போட்டோவை எடுக்கும் முன் கேட்க வேண்டும்' என்று வீட்டில் பழகிய பிள்ளைதான், நாளைக்கு யாரோ ஒருவர் 'ஒரு போட்டோ அனுப்பு' என்று கேட்கும்போது முடியாது என்று சொல்லும்.

ஏதாவது தவறாகிவிட்டால்?

படத்தை மார்ஃப் செய்து மிரட்டுகிறார்கள் என்றால், பயத்தில் உடனே எல்லாவற்றையும் டெலீட் செய்யாதீர்கள். மிரட்டல் மெசேஜ், அக்கவுன்ட் லிங்க், நம்பர் எல்லாவற்றையும் முதலில் சேமித்து வையுங்கள். பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும்.

தேசிய சைபர் க்ரைம் தளமான சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்-ல் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பெயர் சொல்லாமலும் அங்கே புகார் தரலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. குழந்தைகளின் ஆபாசப் படங்களை உருவாக்குவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். போக்சோ சட்டமும் பாயும்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் அந்தரங்கப் படம் பரவுகிறது என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை உதவும். படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாக்கப்பட்டு, அது மட்டுமே இந்தத் திட்டத்தில் உள்ள தளங்களுக்குப் போகும். அதை வைத்து அவர்கள் படத்தைத் தேடி நீக்குவார்கள்.

இவை எல்லாம் பெரிய விபத்துகளுக்கான ஏற்பாடுகள். 'வாமிட் பேபி' மாதிரியான சின்ன விஷயத்துக்கு எந்த எண்ணும் இல்லை, எந்தப் பிரிவும் இல்லை. சட்டம் நம் வீட்டு ஹாலுக்குள் வராமல் வாசலிலேயே நிற்கிறது. நிற்கட்டும். ஆனால் அது வராத இடத்தில் பிள்ளைக்காகப் பேச வேண்டியது நாம்தான். கேட்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான்.

அன்று அக்கா மகளிடம் உண்மையைத்தான் சொன்னேன். "என் போன்ல இருந்து போயிடுச்சும்மா. ஆனா யார் போன்லயாவது இருந்தா என்னால எடுக்க முடியாது. உன்கிட்ட கேக்காம போட்டது என் தப்பு." அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "இனிமே கேப்பியா?" என்றாள். கேட்பேன் என்றேன்.

போன மாதம் ஏற்காடு போனோம். திரும்பி வரும்போது காரில் என் போனை வாங்கி, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நான்கை டெலீட் செய்தாள். அதில் எனக்குப் பிடித்த ஒன்றும் இருந்தது. ஏரியைப் பார்த்தபடி, முதுகு மட்டும் தெரியும்படி அவள் நிற்கும் ஒரு படத்தைக் காட்டி, "இது ஓகே. ஆனா ஸ்டேட்டஸ் வேணாம், தாத்தாவுக்கு மட்டும் அனுப்பு" என்றாள்.

அனுப்பினேன். விருதுநகரில் இருந்து ஐந்தே நிமிடத்தில் தாத்தாவின் பதில் வந்தது: "நல்லா இருக்கு. முகம் தெரியலையே?"

அவளே வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டினாள்.